தொண்ணூற்றி நாலு

இருபதாயிரத்து நானூறு மரபணு.
ஆட்கள் நூற்றுப் பன்னிரண்டு.
மஹரகமவில் அறுத்தெடுத்த சதைத்துணுக்குகள்
கறுவாத்தோட்டத்தில் என் கணினிக்கு
எண்களாய் வந்து சேர்ந்தன,
கரையில் ஒரு காலத்தோடு: இத்தனை மாதம் இருந்தார்.
பக்கத்தில் ஒன்று என்றால் இறந்தார்.
சைபர் என்றால்
இறந்ததாய் எங்களுக்குத் தெரியாது.

அந்தச் சைபர்களுக்குத் தணிக்கை என்று
பெயர் போட்டிருக்கிறது என்னிடமுள்ள கலைச்சொற் பட்டியல்.
யாரும் எதையும் மறைக்கவில்லை.
கிளினிக்குக்கு வராமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

ஆளைவிடக் காரணம் பெருத்த இடத்தில்
எந்தக் காரணமும் உண்மைபோல் நிற்கும்.
ஆகவே தண்டம் விதிக்கிறோம்:
ஒவ்வொரு மரபணுவும் தன் கனத்துக்கு வரி கட்டவேண்டும்.
லாம்ப்டாவைக் கொஞ்சம் கொஞ்சமாய் ஏற்ற
வரி தாங்காதவை சைபராகி விழும்.
இது வேறு சைபர். இதற்கு வீடு வாசல் இல்லை.
அச்சொட்டாய்ச் சேர்ந்து ஏறி இறங்கும் இரண்டில்
ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடும்;
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

செவ்வாய் இரவு பதினொன்று மிஞ்சின.
ஓர் அட்டவணைக்கு அளவான தொகை.
தேத்தண்ணி போட எழும்பினேன்.

புதன் காலை ரினோசா கோல் எடுத்தாள்.
தரவு பதிகிற பிள்ளை; யாரும் கேட்காமலே
பழைய சைபர்களுக்கு ஒவ்வொன்றாய் அடித்துப் பார்ப்பவள்.
"மிஸ், தொண்ணூற்றி நாலு போனை எடுத்திட்டா."

கடைசி வருகை 2022 ஜூன்.
பெற்றோல் வரிசை ஹைலெவல் வீதியை
நுகேகொடை மட்டும் கட்டிப்போட்டிருந்த மாதம்.
"இருக்கிறன். வத்தளையில, மகன்ட வீட்டில.
அந்த மாசம் ஓட்டோவுக்கு எங்க காசு?
பிறகு வர வெட்கம், டொக்டர் ஏசுவார்.
ஏன் பிள்ளை, ஏதும் காசு கட்டக் கிடக்கா?"

பதினேழு என்றிருந்த பெட்டியில்
நாற்பத்தொன்று அடித்தேன்.
சைபர் சைபராகவே இருந்தது.
திரும்ப ஓட்டினேன்.

ஒன்பது.

ஆறாம் இடத்து மரபணுவைக் காணவில்லை.
அதைப்பற்றி இரண்டு பந்தி எழுதியிருந்தேன்,
கொஞ்சம் பெருமையாகவே.
அது நின்ற இடத்தில் நேற்றுக் கைவிட்ட அதன் இரட்டை.
வத்தளையில் ஒரு பெண் ஈரக் கையைத் துடைத்துப்
போனை எடுத்ததால்.

வராமல் போனதற்கும் வருத்தத்துக்கும்
சம்பந்தமில்லை என்று கொள்கிறது எங்கள் மாதிரி.
எல்லாரையும் போல நானும் அதை
ஒரு வரியில் எழுதிக் கடந்திருந்தேன்.
இருபதாயிரத்து நானூறு நிரல்.
ஓட்டோக் கூலிக்கு ஒன்றும் இல்லை.

"இன்னும் முப்பத்தொரு சைபர் இருக்கு மிஸ். அடிக்கவா?"

அடியுங்கோ என்றேன்.
வைக்கவில்லை அவள். அங்கே ஆஸ்பத்திரித் தொலைபேசியில்
இலக்கம் அமுக்கும் சத்தம்,
பிறகு பதிவுசெய்த குரல்,
முதலில் சிங்களத்தில்.
தமிழ் வருமுன் வைத்துவிட்டு
அடுத்ததை அமுக்கினாள்.
அது மணி அடித்தது.