இடது கால்

வலது பெருவிரல் கறுத்துவிட்டது.
டொக்டர் தாளில் இரண்டு கோடு கீறினார்.

ஒன்று, பெட்டியில் வரும் வெள்ளைக் குழாய்.
முழங்காலுக்குக் கீழே அதை நெடுநாள் நம்பேலாது.
மற்றது, சொந்த நாளம்.
வலதில் புடைத்துக் கெட்டிருந்தது; இடதில் எடுக்கலாம்.
"உள்ளுக்குக் கதவுகள் இருக்கு,
எல்லாம் நெஞ்சுப் பக்கம்தான் திறக்கும்.
தலைகீழாத் திருப்பித்தான் தைப்போம்."

நிலாம் நானா தலையாட்டினார்:
டூப்ளிகேஷன் ரோட் மாதிரி, ஒருவழி.

இன்றிரவு வாட்டில்
தொடையிலிருந்து கணுக்கால்வரை தையல் எரிகிறது,
நோயே இல்லாத காலில்.
மற்றதில்,
நர்ஸ் பேனையால் புள்ளியிட்ட இடத்தில்,
நாடி.

முப்பது வருஷம் த்ரீவீலில்
பிரேக் மிதித்தது வலது.
இடது, மருதானை முதல் வெள்ளவத்தைவரை
சும்மா குந்திக்கொண்டு வந்தது.

"இப்பதான்டா ஹயர் காசு தந்திருக்கிறாய்" என்று
போர்வைக்குள் அதைத் தடவுகிறார்.