பதினெட்டாவது ஆள்

டுலூத்தில் ஏரி உறையும் மாதங்களில்
தேவாலய நிலவறையில் சனிக்கிழமைச் சந்தை.
தூண்டில் பெட்டிகளுக்கும் காது உடைந்த கெட்டில்களுக்கும் நடுவில்
ஒரு பிஸ்கட் டப்பா:
'பேசாப்பட கோமாளிகள், ஒன்று நான்கு டாலர்.'

எனக்குக் குழாய்க் கடையில் வேலை.
கையுறை கழற்றி, கை துடைத்து,
ஓரத்தை மட்டும் பிடித்துப் புரட்டுவேன்.

ஓடுகிறவன் இதில் ஓடவில்லை.
காட்சி எடுத்து முடித்ததும்
எல்லோரையும் அப்படியே நிற்கச் சொல்வார்கள்,
மூச்சை அடக்கி.
விழுகிறவனை இடுப்பில் கம்பி கட்டித் தொங்கவிட்டு
கம்பியை அப்புறம் நெகட்டிவில் சுரண்டிவிடுவார்கள்.
லென்ஸ் வைத்தால் தெரியும்,
வானத்தில் ஒரு நகக்கீறல்.

நான் எடுத்ததில்
ஏணி உச்சியில் பெயின்டர்,
வாளிக்குள் தலை மாட்டிய போலீஸ்காரர்,
வேடிக்கை பார்க்கும் கூட்டம்.
படச்சுருள் எரிந்ததோ, வெள்ளிக்காகக் கரைத்தார்களோ,
மிச்சம் இந்த அட்டையும் மூலையில் ஓர் எண்ணும்.
பதினேழு முகங்கள் கல்.
தபால்பெட்டி ஓரம் பதினெட்டாவது ஒரு பெண்;
கோடுபோட்ட காலர்,
அதற்கு மேலே
கலங்கிய பால்.

அச்சுக் கோளாறு என்று
ஒரு டாலர் குறைக்கச் சொன்னேன்.
குறைத்தார்கள்.

அடுத்த குளிர்காலம், வேறொரு டப்பா:
கல்யாண விருந்து, கேக்குக்குள் மாமனார்,
பின்வரிசையில் அதே காலர், அதே கலங்கல்.
பிறகு தீயணைப்பு வண்டிக்குப் பக்கத்தில்.
பிறகு வாத்துகளோடு.
பன்னிரண்டு சேர்ந்துவிட்டன.

ஒரு விநாடிதான் கேட்டிருப்பார்கள்.
அதுகூட முடியவில்லை அவளால்.
அத்தனை சிரிப்புப் படங்களிலும்
சிரித்தவள் அவள் ஒருத்தி,
அதனால் முகம் போயிற்று.

செயின்ட் பாலிலிருந்து வரும் ஆர்லோ ஹெக்ஸ்ட்ரம்
தொப்பியின் வளைவைப் பார்த்தே
ஆண்டும் விலையும் சொல்கிறவன்.
போன வாரம் கவரை நீட்டினான்:
"உன் ஆள். அசையாமல் நிற்கிறாள். நாற்பது."

பார்த்தேன்.
மூக்கு, வாய், வகிடு, எல்லாம் துல்லியம்.
வங்கி வரிசையில் நிற்கும் யாரோ மாதிரி.
கோடுபோட்ட காலர்
ஊரில் ஒருத்தியிடம்தானா இருந்திருக்கும்?
திருப்பிக் கொடுத்தேன்.

"தெளிவாத்தானே இருக்கு" என்றான்.
"ஆமா" என்றேன்.
முப்பது என்றான், இருபத்தைந்து என்றான்,
வண்டி வரைக்கும் வந்தான்.

கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
வாளிக்குள் தலை மாட்டிய அந்தப் போலீஸ்காரர்
எதற்கோ ஞாபகம் வந்தார்.
சுரண்டிய இடமெல்லாம்
மறுபடி ஆவி படிந்தது.
ஹெக்ஸ்ட்ரம் இன்னும்
இருபது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.