சாட்சி எண் இரண்டு

நாகலூர் வளைவுக்குக் கீழே, சில்வர் ஓக் வேரில்
தலை சாய்த்துக் கிடந்தது கேளையாடு.
வேன் மோதியிருக்கும் என்றார்கள்.
வேன் என்றால் எல்லோருக்கும் வசதி.

எஸ்டேட்டில் காப்பிப்பழம் எடை போடுகிறவள் நான்.
பார்த்ததும் சொன்னேன்: இருபத்து மூன்று கிலோ.
வனக்காப்பாளர் தெய்வசிகாமணி
'சுமார் இருபது' என்று எழுதிக்கொண்டார்.
சுமார் போட்டால்தான் ரிக்கார்டு நிற்குமாம்.

வீட்டில் துப்பாக்கி உண்டா என்று கேட்டார்.
உண்டு. பன்றி விரட்ட, மாமனார் பேரில் லைசென்சு.
தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்து
நாற்பது நாளாகிறது. இதோ ரசீது.
ரசீதைப் பார்த்ததில் அவருக்கும் நிம்மதி, எனக்கும்.

சேலத்திலிருந்து மாட்டு டாக்டர் வர மதியமானது.
இருபது கொண்டை ஊசியும் குமட்டி,
ஒரு சோடா குடித்து, கையுறை மாட்டி
விலாவுக்குள் இடுக்கியை விட்டார்.
எவர்சில்வர் தட்டில் டிங் என்றது.
வேன் அந்த நொடியே மலை இறங்கிப் போய்விட்டது.

"எடைக்காரம்மா, இது எவ்வளவு தேறும்?"
உள்ளங்கையில் வைத்தார்.
ஈயம். உருக்கி உருட்டியது.

போன மாதம் என் இரண்டு கிலோ கல்லைக் கவிழ்த்தபோது
முத்திரை குத்திய ஈயம் இருந்த குழி
சுரண்டிக் காலியாகக் கிடந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
கல் இளைத்ததில், பறிக்கிற பெண்களுக்குக்
கூடைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே
விழுந்துகொண்டிருந்தது.

"தெரியலீங்க" என்றேன்.
பதினேழு வருஷத்தில்
என் வாய் எடை தவறியது முதல் தடவை.

சட்டப்படி எரிக்க வேண்டும். துண்டு மிஞ்சக் கூடாது.
விறகு, மண்ணெண்ணெய், சாட்சி இரண்டு பேர்.
ஒன்று, டீக்கடை அந்தோணிசாமி.
மண்ணெண்ணெய் எரிந்து அடங்கியதும்
புகையின் வாசனை மாறியது.
ஏழு பேர் நின்றோம்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.
எச்சில் விழுங்கிய சத்தம் எதுவும்
மகஜரில் ஏறவில்லை.

'அடையாளம் தெரியாத நபர்' என்ற வரிக்கு
நேர் கீழே கையெழுத்துப் போட்டேன்.

மூன்று நாள் கழித்து வந்த கொழுந்தன்
ராத்திரி சாப்பிட உட்கார்ந்தான்.
கத்தரிக்காய்க் குழம்பு.
ஊற்றிக்கொண்டே சொன்னேன்,
மான் இருபது கிலோ என்று எழுதியிருக்கிறார்கள்.

தட்டிலிருந்து தலை எடுக்காமல்
"மேலயே இருக்கும் அண்ணி" என்றான்.