மேசை மட்டும்தான் நீண்டது

அட்டன் கடையில் இரண்டு மேசைவாள் நின்றன.
ஒன்று வார்ப்பிரும்பு. கை வைத்தால்
விடியக்காலைக் குழாய்த் தண்ணீர்போலச் சில்லிடும்.
ஐந்து ரூபாய்க் குற்றியை அதன்மேல் நெட்டுக்குத்தாக நிறுத்தி
மோட்டாரை ஓடவிட்டார் நவ்பர் நானா.
குற்றி விழவில்லை.

மற்றது அலுமினியம், மடக்குக்கால்.
அதில் குற்றி ஒரு நொடி நின்று யோசித்து
உருண்டோடி ஆணிப்பெட்டிக்கு அடியில் போய்விட்டது.

"பெருசு வாங்குங்க தங்கச்சி, பேரப்பிள்ள வரைக்கும் ஓடும்."
"நூத்தி நாப்பத்திரண்டு படி ஏறுமா நானா?"
நானா குற்றியைத் தேடக் குனிந்தார்.

படி மட்டுமா.
பெக்டரியில் கொழுந்து வாட்டத் தொடங்கினால்
எங்கள் லயத்துப் பல்பு பழுத்துப்போகும்.
அந்த மஞ்சள் கரண்டில்
மூன்று குதிரைவலு மோட்டார் முனகித்தான் கிடக்கும்.
அதோடு, சீட்டு விழுந்தது எண்பதாயிரம்,
கழிவு போக எழுபத்தொன்று.
உருண்டோடிய குற்றியின் பக்கமே என் கையும் போனது.

முழுப்பேருக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து.
வாள் இருபத்தாறு.
தலைக்கயிற்றில் மாட்டி, மூன்று இடத்தில் நின்று,
அன்றைக்கு ஒன்றரைப் பேர் போட்டேன்,
எந்தச் செக்ரோலிலும் ஏறாத ஒன்றரை.

முதல் வாரம் கோழிக்கூடு, படச்சட்டம், ஒரு ஸ்டூல்.
சின்ன வேலைக்குச் சின்ன மேசை போதும்.
பிறகு கொட்டகலை பேக்கரிக்காரர் தட்டு கேட்டார்,
எட்டடி நீளம், பதினொரு தட்டு.
பாதி அறுத்ததுமே பலகை பின்பக்கம் தலைகுப்புறச் சாய்ந்தது,
வால் எழும்பி என் தாடையைத் தேடியது.
சுவிட்சைத் தட்டிவிட்டு
விரல்களை எண்ணினேன். இரண்டுமுறை எண்ணினேன்,
முதல்முறை பதினொன்று வந்ததால்.

மேசையை நீட்ட வேண்டும்.

இடப்பக்கம் பழைய அலுமாரிக் கதவு.
வாளின் மட்டத்துக்கு அதை ஏற்ற
அடியில் கலண்டர் அட்டை, ஏப்ரல் மாசம், இரண்டு மடிப்பு.
மழை வந்தால் கதவு ஊதும், ஏப்ரலை உருவிவிடுவேன்.
வெயில் வந்தால் மறுபடி சொருகுவேன்.
பலகை சாய்ந்து நடக்கும் சட்டத்தை வேலி என்கிறார்கள்.
அந்த வேலி வாளின் பல்லிலிருந்து
முன்னும் பின்னும் ஒரே அளவில் நிற்க
ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

பின்பக்கம்தான் சிக்கல்.
பின்பக்கம் சுவர்.

பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா.
வாசலில் நுழைகிற எட்டடி, வாளைக் கடந்து எங்கே போகும்?
சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது.
அதன் விளிம்பு மட்டத்துக்கு
வாளின் காலடியில் நாலு செங்கல், ஒரு ஓட்டுத்துண்டு.
அதற்குப் பிறகு பலகை வாசலால் வந்து
ஜன்னலால் வெளியேறியது,
ஞானசௌந்தரி அக்காவின் லீக்ஸ் பாத்திக்கு மேலே.

பெட்டிசம் போட்டவர் யாரென்று தெரியாது.
கிளாக்கர் குடையும் டேப்புமாக வந்தார்.
"அனுமதி இல்லாம லயத்தக் கூட்டிக் கட்டுறீங்களாம்."
முன்சுவர், பின்சுவர், இஸ்தோப்பு.
எல்லாம் வெள்ளைக்காரன் விட்ட அளவிலேயே இருந்தது.
மறுபடி அளந்தார்.
"அப்ப எதத்தான் கூட்டினீங்க?"
"மேசைய."
அதற்கு அவரிடம் படிவம் இல்லை.
போகும்போது காற்சட்டையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிக்கொண்டே
ஒரு கட்டில் எவ்வளவு வருமென்று கேட்டார்.

நேற்று ஏழாவது தட்டு.
ஜன்னலுக்கு வெளியே அக்கா,
ஒரு கால் பாத்தியில், ஒரு கால் கல்லில்,
வருகிற பலகைக்கு இரண்டு கையையும் ஏந்தி.
முனை கையில் பட்டதும் இழுக்கப் பார்த்தார்.
வாள் சத்தத்துக்கு மேலே கத்தினேன்:
"இழுக்காதீங்கக்கா,
சும்மா தாங்குங்க.
தள்றது நான்."