கயிற்று வீடு

சாண்டோய்த் தீவின் சரிவில்
முளையடித்து நீலக் கயிறு கட்டிவிட்டான் யாக்குப்.

இல்லாத கெட்டிலைத் தூக்கிக்கொண்டு
அடுப்படியிலிருந்து கூடத்துக்கு நடக்கிறாள் சுன்வோர்.
"சுவருக்குள்ள புகுந்துட்டே."
"கால் இப்படித்தான் போகுது,
வாசலை இங்க வை."
முளையைப் பிடுங்குகிறான், மூன்றாம் முறை.

ஜன்னல் கடலைப் பார்த்தா?
வேண்டாம்.
படகில் போகிறவன் நீ,
பார்த்துக்கொண்டே நிற்க நானா?
மலையைப் பார்க்கட்டும்.

வரைபடத்தில் எல்லா அறைக்கும் பெயருண்டு.
வடக்கோரம் இரண்டரை மீட்டர் மட்டும்
வெறுங்கட்டம்.
அதற்குக் கதவு எங்கே என்று
இருவரும் கேட்பதில்லை.

தூறல்.
கூரையில்லாத கூடத்தில் நின்று
அளவுநாடாவைச் சுருட்டும்போது
கயிறு தாண்டி வந்த சினைச் செம்மறி
அந்தக் கட்டத்தில் படுத்துக் கண்ணயர்கிறது.

கையோங்கியவனைத் தடுக்கிறாள்:
எழுப்பாதே.
சுவரை
நாளைக்கு எழுப்பிக்கலாம்.