பதினோராம் கேள்வி

பதினோராம் கேள்விக்குக் கீழே
நாலே நாலு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
காவல்துறையோடு உங்களுக்கு
எப்போதாவது, ஏதாவது?

லுவாம் தன் படிவத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டுப்
பேனாவை என் பக்கம் உருட்டுகிறாள்.

மூன்று வருடத்துக்கு முன், ஜூன் மாதம்.
த்ரோந்தைமில் அப்போது இரவென்று ஒன்று வருவதே இல்லை.
காலை நாலு மணி, நல்ல வெயில்.
பேக்கரிக்குச் சைக்கிளில் போகிறேன்,
மாவு பிசைவது அந்த வாரம் என் முறை.
பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு.
இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன்.
நடுச்சாலையில் ஒரு கடற்காகம்
மீன்பெட்டி அட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தது.
மிதித்தேன்.

எங்கிருந்து வந்தானோ அந்தப் போலீஸ்காரன்,
முகமெல்லாம் செம்புள்ளி, சின்னப் பையன்.
அருமையான காலை, இல்லையா என்றபடி
சீட்டைக் கிழித்துத் தந்தான்.
கைகுலுக்காத குறை.

அந்த வாரமே கட்டினேன்.
கட்டினால் தீர்ந்தது என்றுதானே நினைப்போம்?

இன்னொன்றும் இருக்கிறது.
ஃபியோரியின் ஞானஸ்நானத்தன்று
மேளச் சத்தம் தாங்காமல் கீழ்வீட்டு ஹாகோன் போன் செய்ய
இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள்.
மேளம் நின்றது. காபி நீட்டினோம்.
ஒருத்தி நின்றபடியே குடித்தாள், இஞ்சி போட்டதா என்று கேட்டாள்.
அதுவும் எங்காவது பதிவாகியிருக்குமா?
இஞ்சியோடு சேர்த்தா?

எழுதாதே, அவர்களுக்கு எப்படித் தெரியும் என்கிறான் டெக்லே.
எல்லாவற்றையும் எழுது என்கிறாள் லுவாம்,
மறைத்தால்தான் சின்னது பெரிதாகும்.

எழுதினேன். நாலு வரி போதவில்லை,
ஓரத்தில் திரும்பி மேலே ஏறியது என் கையெழுத்து.

நவம்பரில் இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன.
அவளுடையது 'வாழ்த்துகள்' என்று தொடங்கியது.
என்னுடையதில் 'நன்னடத்தை' என்ற சொல் மூன்று முறை.
கடைசிப் பத்தியில் ஒரு தேதி,
அதற்கு முன்பு கேட்க வேண்டாம்.

வந்த புதிதில், ஒரு சின்ன அறையில்,
எல்லை தாண்டியதைப் பற்றி இரண்டு நாள் கேட்டார்கள்.
இருட்டு, முள்கம்பி, முதுகுக்குப் பின்னால் துப்பாக்கிச் சத்தம்,
ஒன்றுவிடாமல் சொன்னேன்.
நம்பினார்கள். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள்.
அத்தனை பெரிய கோட்டைத் தாண்டியதை மன்னித்தவர்களுக்கு
பாலத்தடியில் ஒரு வெள்ளைக் கோடு
செரிக்கவில்லை.

லுவாம் உறுதிமொழி எடுத்த அன்று
விருந்தினர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.
மடியில் ஃபியோரி,
அவள் கையில் காகிதக் கொடி. அதன் குச்சி
என் கன்னத்தில் குத்திக்கொண்டே இருந்தது.

இப்போது மறுபடியும் ஜூன்.
நாலு மணி. அதே பாலம், அதே சிவப்பு.
ஒற்றைக் காலை ஊன்றி நிற்கிறேன்.
ஓட்டப்பயிற்சிக்காரர் ஒருவர்
விளக்கை ஏறிட்டும் பார்க்காமல் கடந்து போகிறார்,
பாதி வழியில் திரும்பி,
யாரும் வரவில்லை, வாருங்கள் என்கிறார்.

பரவாயில்லை என்று கையை ஆட்டுகிறேன்.
பேக்கரியில் மாவு
பாத்திரத்தை மீறிப் பொங்கியிருக்கும் இந்நேரம்.