யாருடைய முழங்கால்

தகரக் கூரைமேல் மூன்று நாளாக மழை.
குடில் மேசையில்
கயிற்றில் கட்டிய பென்சிலோடு
வருவோர் போவோர் எழுதும் நோட்டு.

"ஆறு முழங்கால் ஆழம். தாராளமாகக் கடக்கலாம்.
டோர்பென், மார்ச் 4."

அதற்குக் கீழே, காகிதம் கிழிய அழுத்தி:

"யாருடைய முழங்கால்?
நைரி, மார்ச் 6. இடுப்புவரை நனைந்தவள்."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது சரி.
ஆழம் சொன்னவனின் காலை
யார் அளந்து பார்த்தார்கள்?

டோர்பென் டென்மார்க்கிலிருந்து வந்தவன், ஆறடி நாலங்குலம்.
ஹோக்கிட்டிகா மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் நைரியோ
காலணியோடு நின்றால் ஐந்தடி
என்று அவளே சொல்லிக்கொள்வாள்.
அவரவர் கைக்கு எல்லோரும் எண்சாண்தான்.
ஆற்றுக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

இப்படி ஒரு கோபத்தில்தான் தொடங்கியது.

அடுத்த வாரம்
பொசம் பிடிக்கப் பொறி வைக்கும் ராவிரி எழுதினான்:
"முழங்கால் சண்டையை விடுங்கள்.
கம்பிப் பாலம் இருந்த இடத்துக்குக் கீழே
ஆட்டுத் தலைபோல் ஒரு பாறை.
மூக்கு தெரிந்தால் இறங்கு.
மூக்கு முங்கினால் தேநீர் போடு."

பிறகு நோட்டு நிறையத் தொடங்கியது.

"கணவாய்க்கு நான்கு மணி நேரம்" என்று ஒருவர்.
"ஏழு வயதுப் பையனோடு ஒன்பது.
அழுகைக்கு ஒன்றரை மணி இதில் அடக்கம்" என்று மற்றொருவர்.
"பீச் மரக் காட்டில் மூன்றாவது ஆரஞ்சு முக்கோணம்
மரத்தோடு விழுந்து கிடக்கிறது,
அது காட்டும் திசையில் போனால் பள்ளம்."
"கீயா கிளி என் காலணியைத் தூக்கிப் போனது.
இடது கால், எட்டாம் எண். கண்டால் கூரையில் வைக்கவும்."
ஐந்து மாதம் கழித்து வேறு மையில்:
"இடது கிடைத்தது. வலது எங்கே?"

கணவாயைத் தாண்டுகிறவர்
இந்தக் குடிலின் பக்கங்களைப் பார்த்தெழுதி
அந்தக் குடிலில் வைக்க வேண்டும்;
அங்கிருந்து வருகிறவர் இங்கே.
யாரும் போட்ட சட்டமில்லை.
ஒருமுறை நான் பதினோரு பக்கம் எழுதினேன்,
மணல் ஈக்கள் இரண்டு
"எச்சரிக்கை" என்ற சொல்லில் நசுங்கி
இரண்டு புள்ளிகள் கூடுதலாக விழுந்தன.

தோற்றதை மட்டும் ஒருவரும் எழுதவில்லை,
லிண்டிஸ் வரும்வரை.

"மூன்று மணிவரை கரையில் நின்றேன்.
மூக்கு நன்றாகத் தெரிந்தது.
ஆனாலும் திரும்பிவிட்டேன்.
காரணம் எதுவும் இல்லை.
என் உயரம் ஐந்தடி ஏழு."

அதன்கீழ் ஒரு கிண்டலும் இல்லை.
ஒரு விரற்கடை இடம் விட்டு டோர்பென்:
"நானும். சென்ற ஆண்டு. எழுதவில்லை."
அதற்கடுத்து ஓர் அம்மையார், பெயரில்லாமல்:
"இரண்டு முறை."
ராவிரி சொல் எதுவும் எழுதாமல்
பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தான்.
அவனும் என்றுதான் படித்தேன்.

இன்று நான்காம் நாள் காலை.
ரொட்டி தீர்ந்தது, தேயிலை இருக்கிறது.
கரைக்குப் போய்ப் பார்த்தேன்:
ஆட்டுக்குக் கொம்புகூட இல்லை,
பழுப்பு நீர் ஒரு மேடாக எழும்பி இறங்குகிறது
அவ்வளவுதான்.

அக்கரையில் ஓர் ஆள்,
மஞ்சள் மழைக்கோட்டு, நல்ல உயரம்.
வாயருகே கை குவித்து என்னவோ கேட்கிறார்.
ஆறு அந்தக் கேள்வியை வழியிலேயே தின்றுவிடுகிறது.

உள்ளே ஓடி
கரிப்பிடித்த கெட்டிலை எடுத்து வந்து
தலைக்குமேல் தூக்கிக் காட்டுகிறேன்.

கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார்.
பிறகு முதுகுப் பையை இறக்கி
அதன்மேல் உட்கார்ந்து
அடுப்பை வெளியே எடுக்கிறார்.